இரண்டு வருடப் பதவி

ஜூலை 11, வியாழன்

இன்று மாட்டுச் சந்தைக்குப் போகவில்லை. வியாழக்கிழமையும் அதுவுமாகச் சந்தைக்குப் போகாமல் இருந்தது, மகள் கனிஷ்கா பிறந்த அன்றைக்கு ஒரு தடவைதான். சம்சாரம் கோகிலாவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மருந்து ஏற்றினார்கள். என்ன சாப்பிடுகிறாள், காய்ச்சல் வருகிறதா என்று தினமும் குறித்துவைக்கச் சொன்னார் டாக்டர். மாட்டுத் தீவனக் கம்பெனி கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. அட்டையில் ஒரு ஜெர்சி மாடு போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறது. அதில்தான் எழுதுகிறேன்.

காலை இரண்டு இட்லி. மதியம் ரசம் சோறு நாலு வாய். காய்ச்சல் இல்லை.

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். நான் வருடக் கணக்கில் கேட்டேன். அவர் படியவில்லை. ஏ.சி. ரொம்ப வைத்திருந்தார். வெளியே வந்து காபி குடித்தேன்.

ஜூலை 12, வெள்ளி

காலை ஒன்றரை இட்லி. இரண்டு தடவை வாந்தி. மோர் மட்டும் வயிற்றில் நின்றது.

கறவை மாடு ஒன்று கால் நொண்டுகிறது என்று வலசு ஊர்க்காரர் ஒருத்தர் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். குளம்பில் முள். எடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 19, வெள்ளி

கனிஷ்கா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். ஏழாவது படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவை மறுபடியும் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். ஆகஸ்ட் இருபத்து நாலு, சனிக்கிழமை, பத்து மணி.

எங்கள் ஊரில் இருப்பது எட்டாவது வரைக்குமான அரசுப் பள்ளி. குழுவில் பெற்றோர்தான் அதிகம். அதில் பாதிக்கு மேல் பெண்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிக்க வேண்டும், அதுதான் தகுதி. தலைவர் ஒரு அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். பதவி இரண்டு வருடம். சம்பளம் கிடையாது. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம்.

போன தடவை கோகிலாவைத் தலைவியாக்கினார்கள். அன்றைக்கு நான் சிரித்தேன். இரண்டே வருடத்தில் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தாள். இப்போது பஸ்சுக்காக அலைகிறாள். எட்டாவது முடித்தால் ஒன்பதாவதுக்கு வலசு ஹைஸ்கூலுக்குத்தான் போக வேண்டும். காலை எட்டு மணிக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லை. பையன்கள் யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெண்பிள்ளைகள் நூல் மில்லுக்குப் போகிறார்கள். மனுவைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு மூன்று தடவை போனாள். மூன்றாம் தடவை போன அன்றைக்குத்தான் பஸ் ஸ்டாண்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

நோட்டீசைப் படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள்.

"மறுபடியும் நீதான் அம்மணி" என்றேன்.

"பார்க்கலாமுங்க மாமா."

"பார்க்கறதுக்கு என்ன இருக்குது? ரெண்டு வருசம். நீதான்."

ராத்திரி அரை தோசை. காய்ச்சல் நூறு.

ஜூலை 25, வியாழன்

சந்தைக்குப் போனேன். கோகிலாவுக்கு அவள் அக்கா துணை.

நான் இந்தச் சந்தையில் கயிறு பிடிக்க வந்தவன். அடுத்தவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பேன். தரகர்கள் துண்டுக்கடியில் கையை விட்டு விலை பேசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் தொழிலைக் கற்றுக்கொண்டேன். சுற்றி நூறு பேர் நிற்கும்போது விலையை வாயால் சொல்லக் கூடாது. துண்டுக்கடியில் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் கணக்கு. விரலைப் பாதியில் மடக்கினால் அரை. படிந்துவிட்டால் ஐந்து விரலையும் சேர்த்து ஒரே பிடி. பிறகு துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டால் முடிந்தது. அப்புறம் அப்பனே வந்து கேட்டாலும் மாற்றுவதில்லை.

கல்யாணம் ஆன புதிதில் கோகிலா இதைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னாள். ஒரே வாரத்தில் என்னைவிட நன்றாகப் பேரம் பேசினாள். பண்டிகைக்குச் சேலை எடுப்பது, அவள் அம்மா வீட்டில் எத்தனை நாள் இருப்பது எல்லாம் எங்களுக்குள் துண்டுக்கடியில்தான். நான் ஜெயித்ததாக நினைவில்லை.

இன்று சந்தையில் ஓட்டுக் கேட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் வியாழக்கிழமை அங்கேதான் இருப்பார்கள். பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவனாகப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். பதினேழு பேர் கையைப் பிடித்துச் சரி என்றார்கள்.

ஜூலை 26, வெள்ளி

பதினேழு பேர் என்று கோகிலாவிடம் சொன்னேன். சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன?"

"மாடு விக்கறவன் எவன் மாமா பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கு வந்தான்? மாடு கறக்கறவதான் வருவா. கை தூக்கறதும் அவதான். நீங்க பதினேழு ஆம்பளைகளைப் பிடிச்சுட்டு வந்திருக்கறீங்க."

உண்மைதான். இவ்வளவு வருடம் வியாபாரம் செய்தவன், ஆளைத் தப்பாகப் பிடித்திருக்கிறேன்.

காலை ஒரு இட்லி. சிரித்ததில் மதியம் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மருந்து ஏற்றும் நாள். அளவைக் குறைத்திருக்கிறார்களாம், உடம்பு தாங்கவில்லை என்று. இனி என்ன ஆகும் என்று கேட்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.

மதியம் தயிர்சோறு, இரண்டு கரண்டி. தலையில் முடி கொட்டிவிட்டது. முக்காடு போட்டுக்கொள்கிறாள். கனிஷ்கா தன் பச்சைத் துப்பட்டாவைக் கொடுத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அம்மாக்களைத் தேடிப் போனேன். நூறு நாள் வேலை நடக்கும் குளக்கரை, பால் சொசைட்டி, ரேஷன் கடை. வெட்கம் பார்த்தால் வியாபாரம் நடக்குமா? போனேன்.

யாரும் ஓட்டைப் பற்றிப் பேசவில்லை. எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "அக்கா எப்படீங்க இருக்குது?"

"நல்லாருக்கறா. வர்ற மாசம் எந்திரிச்சு நடந்துருவா" என்றேன்.

சந்தையில் கைபிடித்த நல்லசாமியின் சம்சாரம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்: "அக்கா நின்னா அக்காவுக்குத்தானுங்க. ஆனா எங்களுக்குக் கூட்டத்துல மொதல்ல கை தூக்கக் கூச்சமுங்க. யாராவது தூக்கினா பொறவு தூக்குவோம்."

"நான் தூக்கறேன். நான் தூக்கினதும் தூக்குங்க. அது போதும்."

இதையே எல்லா இடத்திலும் சொன்னேன். என் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்றும் ஆஸ்பத்திரி. சந்தை போனது.

டாக்டர் அறைக்கு வெளியே, டி.வி. ஓடுகிற இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குக் குளிர்கிறது என்று என் துண்டை மடியில் போட்டேன். சும்மா இருந்தவன் துண்டுக்கடியில் கையை விட்டு அவளுடைய இரண்டு விரலைப் பிடித்தேன். அவள் டி.வி.யைப் பார்த்தபடியே என் ஒரு விரலைப் பிடித்தாள். பிறகு அதைப் பாதியில் மடக்கினாள்.

நான் திரும்பவும் இரண்டு விரல் பிடித்தேன். அவள் மடக்கிய விரலை விடவில்லை.

"படியாது அம்மணி" என்றேன்.

"உங்க மாட்டுக்காரன்கிட்டச் சொல்ற மாதிரியே சொல்றீங்க."

என்ன கணக்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்.

காலை கஞ்சி, அரை டம்ளர். தீனி குறைந்த மாட்டுக்கு நான் விலையே கேட்பதில்லை. இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

போட்டி இருக்கிறதாம். அம்சவேணி நிற்கிறாளாம். கிழக்குத் தெரு. நூல் மில்லில் ஷிப்ட் வேலை. புருசன் டெம்போ ஓட்டுகிறான். பெரிய வாய். போன வருடம் சத்துணவில் புழு கிடந்ததென்று தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக ஒன்றிய ஆபீசுக்கே போனவள். இவள் பையன் ஆறாவது.

கோகிலா படுத்திருக்கிற நேரம் பார்த்து நிற்கிறாள். மனுசங்க இப்படித்தான்.

ஆகஸ்ட் 14, புதன்

விடிந்ததும் மில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். டிபன் பையோடு நின்றிருந்தாள்.

"ஏம்மா, ஒருத்தி படுத்திருக்கும்போது அவ இடத்துக்கு வர்றது நல்லாருக்குதா?" என்று நேராகவே கேட்டேன்.

திகைத்துப் போனாள். "அண்ணா, நானா நிக்கறனுங்க? அக்காதானுங்க நிக்கச் சொல்லுச்சு."

"எந்த அக்கா?"

"கோகிலாக்காதானுங்க. நான் மாட்டேன்னேன். எனக்கு ஷிப்டு, எனக்கு எழுத வராதுன்னேன். விடலீங்க. தெனமும் போன்ல பாடம் நடத்துதுங்க. யாருக்கு மனு எழுதோணும், எந்த ஆபீசுல எந்தச் சாரு நல்லவரு, எந்தச் சாரு காபி வாங்கிக் குடுத்தாத்தான் பேசுவாரு... எல்லாஞ் சொல்லிக் குடுக்குது. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்க."

பஸ் வந்தது. ஏறினவள் படியில் நின்று, "நிக்க வேண்டாம்னா நீங்களே அக்காகிட்டச் சொல்லிருங்கண்ணா. என்னால முடியாது" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் காபித்தூள் வாங்கிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் காபித்தூள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். தலைவி என்று கோகிலாவைக் கூப்பிட்டிருந்தார்கள். போயே தீருவேன் என்றாள். வாடகை டெம்போவில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். கயிற்றை இழுத்தாள். முடிச்சு அவிழவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்திலிருந்து அம்சவேணி வந்து கோகிலா கைக்கு மேலே கையை வைத்துச் சேர்த்து இழுத்தாள். பூ கொட்டியது. கை தட்டினார்கள்.

கனிஷ்கா கை தட்டவில்லை. என் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

சாயங்காலம் கேட்டேன்.

"ஏம்மணி, எனக்கு எதிரா நீயே ஆள் நிறுத்தியிருக்கறயா?"

"உங்களுக்கு எதிராவா? நீங்களா மாமா தலைவி?"

"வெளையாடாதே. ரெண்டு வருசம் நீதான் இருக்கோணும்."

"பதவி ரெண்டு வருசமுங்க மாமா. கூட்டம் மாசாமாசம். போன மாசக் கூட்டத்துக்கே என்னால போக முடியல."

"அடுத்த மாசம் போவே."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "நடுவுல எடம் காலியானா மறுபடி கூட்டம் போடோணும், மறுபடி ஆள் தேடோணும். எஸ்தர் டீச்சர் பாவம், தனியா என்ன பண்ணும்? பஸ் மனு அப்படியே கெடக்கும். கனி ஒம்பதாவது போற வருசம் வந்துரும்."

"எதுக்குக் காலியாகுது?"

பதிலுக்கு நான் நிற்கவில்லை. பருத்திக்கொட்டை ஊறவைக்க வேண்டியிருந்தது. போய்விட்டேன்.

கொடியேற்றத்தில் கொடுத்த மிட்டாய் ஒன்று. மற்றபடி இன்று ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பேச்சு இல்லை இரண்டு பேருக்கும். கஞ்சி கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள்.

நான் விடுவதாக இல்லை. இன்றும் ஆறு வீடு போனேன். கோகிலா பேரை நல்லசாமி சம்சாரம் முன்மொழிவாள். அம்சவேணிக்குக் கிழக்குத் தெரு மொத்தமும் கை தூக்கினாலும் நமக்குத்தான் அதிகம். இரண்டு வருடம் என்று அரசாங்கமே முத்திரை வைத்துக் கொடுக்கும்போது வேண்டாம் என்பார்களா? பதவியில் இருக்கிறவளுக்கு நாலு பேர் வருவார்கள், போவார்கள், வேலை இருக்கும். வேலை இருக்கிற ஆள் படுக்க மாட்டாள். நான் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எஸ்தர் டீச்சர் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய டீச்சர் அவர்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்திருந்தார். கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது வாசலில் என்னிடம், "சார், வற்புறுத்தறதா நெனைக்காதீங்க. அவங்களே பேரை வாபஸ் வாங்கிக்கிட்டா போட்டி இல்லாம முடிஞ்சிரும்" என்றார்.

"வாபஸ் வாங்க மாட்டா டீச்சர்."

"அவங்ககிட்டக் கேட்டேன். அவங்க உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

நான் மாட்டைப் பார்க்கப் போக வேண்டும் என்றேன். தொழுவத்தில் ஒரு மாடும் இல்லை, எல்லாம் மேய்ச்சலில். டீச்சருக்கும் அது தெரிந்திருக்கும்.

ஆரஞ்சு இரண்டு சுளை.

ஆகஸ்ட் 24, சனி

எட்டாவது வகுப்பறையில் கூட்டம். பாய் விரித்திருந்தார்கள். ஒன்றிய ஆபீசிலிருந்து பார்வையாளர் ஒருத்தர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வந்த தொண்ணூறு பேரும் அம்மாக்கள்தான். நான் சந்தையில் கைபிடித்த பதினேழு பேரில் வந்தது நல்லசாமி மட்டும். அவனும் சம்சாரத்தை வண்டியில் கொண்டுவந்து விட்டவன், வாசலோடு நின்றுகொண்டான். கோகிலாவை முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். பச்சை முக்காடு. கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி.

முதலில் வகுப்பு வாரியாகப் பெற்றோர் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டி இல்லை, எழுந்து நின்றவர்கள் பேரை எழுதிக்கொண்டார்கள். அப்புறம் தலைவர். நல்லசாமி சம்சாரம் கோகிலா பேரைச் சொன்னாள். பின்னாலிருந்து ஒருத்தி அம்சவேணி என்றாள். வேறு பேர் இல்லை.

டீச்சர் சொன்னார்: "ரெண்டு பேரு நிக்கறாங்க. கை தூக்கி முடிவு பண்ணலாம். ஒருத்தருக்குத் தூக்கினவங்க இன்னொருத்தருக்குத் தூக்கக் கூடாது. முதல்ல அம்சவேணி. அம்சவேணி வரணும்னு நெனைக்கறவங்க கை தூக்குங்க."

கிழக்குத் தெருப் பெண்களில் நாலைந்து கை எழுந்தது. தயங்கித் தயங்கி. அம்சவேணி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

முன்வரிசையில் கோகிலா கையைத் தூக்கினாள்.

முழுசாகக்கூடத் தூக்க முடியவில்லை. முழங்கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டாள். பிளாஸ்திரி தெரிந்தது. பார்வையாளர் பேனாவை வைத்துவிட்டார்.

அந்தப் பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். என் வலது கை தோள் துண்டுக்கடியில் இருந்தது. பழக்கம். கோகிலா திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் கீழே விடாமல் வைத்திருந்தாள். நான் தூக்குகிற வரைக்கும் அவள் இறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளோடு பேரம் பேசியவன் நான்.

தூக்கினேன்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக எல்லாக் கையும் எழுந்தது. நல்லசாமி சம்சாரம் அழுதுகொண்டே தூக்கினாள். டீச்சர் எண்ணவில்லை. "போதும், எல்லாரும் கையை இறக்குங்க" என்றார். மற்றவர்கள் இறக்கினார்கள். எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மதியம் வீட்டுக்கு வந்து படுக்க வைத்தேன். "உங்க துண்டைக் குடுங்க மாமா" என்றாள். குளிர்கிறதாக்கும் என்று மேலே போர்த்தினேன். துண்டுக்கடியில் என் கையைத் தேடிப் பிடித்தாள். ஒரு விரல் இல்லை, பாதி விரல் இல்லை. ஐந்தையும் சேர்த்து ஒரே பிடி. அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"படிஞ்சுதுங்களா?" என்றாள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. துண்டை எடுத்து உதறவும் இல்லை. அவள் தூங்கிப் போனாள். கனிஷ்கா வந்து கறவைக்கு நேரமாச்சு என்று கூப்பிட்டாள். கறக்கச் சொல்லி அவளையே அனுப்பினேன். கையை எடுக்கவில்லை.

சாப்பாடு ஒன்றுமில்லை. காய்ச்சல் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இனி அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். சரி என்றேன்.

அம்சவேணி ஷிப்ட் முடிந்து வருகிறபோதெல்லாம் வருகிறாள். இரண்டு பேரும் கலெக்டர் ஆபீசைப் பற்றியே பேசுகிறார்கள். இன்று கோகிலா, "அந்தச் சாருகிட்ட அழுகாதே. அழுதா உக்காரச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு" என்றாள். அவள் பேச்சு எனக்குப் பாதிதான் புரிகிறது. அம்சவேணிக்குப் புரிகிறது.

இளநீர், அரை டம்ளர்.

செப்டம்பர் 5, வியாழன்

இளநீர், இரண்டு ஸ்பூன். சந்தை போகவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

காலை ஒரு ஸ்பூன் தண்ணீர். இனிக் குறிக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

குழுக் கூட்டம். அம்சவேணி போன் செய்தாள். "அண்ணா, நீங்க வரோணுமுங்க. கனியோட அப்பாங்கிற மொறைல வரலாமுங்க. தீர்மானத்துக்கு ஆள் பத்தல."

போனேன். அதே அறை, அதே பாய். கோகிலா உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் யாரோ பிள்ளைகளின் பையை வைத்திருந்தார்கள். அம்சவேணி எழுதி வந்ததைத் திக்கித் திக்கிப் படித்தாள். காலை எட்டு மணிக்கு வலசு வரைக்கும் பஸ். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன்.

முடிந்ததும் வெளியே வந்து சொன்னாள்: "திங்கக்கெழம டெப்போவுக்குப் போறோமுங்க. மேனேஜர் ஜனவரில பார்க்கலாங்கறாரு. நீங்களும் வாங்கண்ணா. பேரம் பேச ஆள் வேணும்."

"அந்த வேலை கோகிலாதான் நல்லாப் பண்ணுவா" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவள், எட்டு மணிக்குப் புருசன் டெம்போவோடு வாசலுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கனிஷ்கா துணி துவைத்தாள். கோகிலா கட்டில் மேல் உதறாமல் கிடக்கும் என் துண்டையும் எடுக்கப் போனாள். வேண்டாம், அது அப்படியே கிடக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அவளும் அம்மா மாதிரித்தான்.

வருகிற வியாழக்கிழமை சந்தைக்குப் போக வேண்டும். புதுத் துண்டு ஒன்று வாங்க வேண்டும்.